சுதேசிக் கப்பல் கணக்கு

வணிகவியலும் மேலாண்மையும் பயிலும் மாணவர்க்குக் கல்லூரிகளில் ஒரு பயிற்சி அளிக்கப்பெறுகிறது. ஏதேனும் ஒரு தொழில் நிறுவனத்தின் வாழ்வில் இக்கட்டான கட்டம் ஒன்றைத் தேர்ந்து, அதன் விவரங்களைச் சில பக்கங்களில் தொகுத்து மாணவர் கையில் கொடுத்துவிடுவர். அவர் அதனைப் படித்து ஆராய்ந்து, வகுப்பின் முன் நின்று தம் முடிவை எடுத்துரைத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'கேஸ் ஸ்டடி' என வழங்கும் இதனை நாம் நேர்வாய்வு என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய வழக்குகளை வைத்துச் சட்டம் பயிற்றுவது போலவும், நோயாளியின் படுக்கையருகே நின்று மருத்துவம் பயிற்றுவது போலவும், நடந்த நிகழ்ச்சிகளை வைத்தே வணிகத்தையும் பயிற்ற வேண்டும் என்பது இம்முறையின் கருத்து. அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு வணிகப் பள்ளி இதனைப் பேணி வளர்த்தது. 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் அப்பள்ளியின் ஒத்துழைப்புடன் தொடங்கப்பெற்ற பின்னர், நம் நாட்டிலும் இம்முறை வேர் கொண்டது.

முறை நல்லதே. ஆயின், மாணவர் பலர் இதனைக் கையாளும் விதந்தான் வருத்தம் தருகிறது. நிறுவனம் இன்ன ஆண்டில் தோன்றிற்று, இன்னார் தோற்றுவித்தார், இன்ன இடையூறு வந்தது, இறுதியில் இன்னது நிகழ்ந்தது என்று, கொடுத்த பக்கங்களையே சுருக்கி ஒப்பிக்கின்றனர். பின்னர் வலிமை, குறைபாடு, வாய்ப்பு, அச்சுறுத்தல் என நான்கு கட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் மும்மூன்று சொற்களை இட்டு நிரப்பிவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். கேட்டவர்க்கு எதுவும் விளங்குவதில்லை. சொன்னவர்க்கும் அவ்வாறே என்று ஐயுற இடமுண்டு. கதை சொல்லுதல் வேறு, ஆராய்தல் வேறு. கதைக்கு முடிவு தெரிந்திருக்கிறது. ஆராய்ச்சியோ முடிவு தெரியாத ஓரிடத்தில் நின்று தொடங்க வேண்டும்.

இதனைப் பொதுப்படப் பேசிக்கொண்டிராமல், ஒரு நேர்வையே எடுத்து ஆராய்ந்து பார்ப்போம். அதற்காகப் பாஸ்டனுக்கோ டெட்ராய்ட்டுக்கோ போக வேண்டுவதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரவருணியின் கழிமுகத்திற்குச் சற்று வடக்கே, தூத்துக்குடிக் கடற்கரையில், உலகின் எந்த வணிகப் பள்ளியும் பாடமாக வைத்துக்கொள்ளத் தகுந்த நேர்வொன்று கிடக்கிறது. அதுதான் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம்.

ஹார்வர்டு வணிகப் பள்ளி தோன்றிய ஆண்டு 1908. சுதேசிக் கப்பலை ஓட்டியவரைச் சிறையில் அடைத்த ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருப்பினும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

இந்நேர்வை நம் மாணவர் எடுத்துக்கொள்ளும்போது ஓர் இடர் உண்டு. வ. உ. சி. நமக்கு வெறும் தொழிலதிபர் அல்லர், வணங்கத்தக்க பெரியார். அவர் இழுத்த செக்கு நம் கண்ணில் நிற்கிறது. 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படம் நம் உள்ளத்தில் நிற்கிறது. ஆகவே, 'வெள்ளையர் சூழ்ச்சி செய்தனர், சங்கம் வீழ்ந்தது' என்று ஒரே வரியில் ஆராய்ச்சியை முடித்துவிட மனம் விழைகிறது. அவ்வரி பொய்யன்று. ஆனால், அது வ. உ. சி.க்குச் செய்யும் சிறப்பும் அன்று. அவர் உணர்ச்சிவயப்பட்டுக் கடலில் குதித்தவர் அல்லர். முறைப்படி நிறுவனம் பதிவு செய்தார், பங்கு விற்றார், கப்பல் வாங்கினார், கட்டணம் விதித்தார். வணிகராகச் செய்ததை வணிகமாக ஆராய்ந்தால்தான் அவர் எத்தகைய கடுமையான வினாவுக்கு விடை காண முயன்றார் என்பது தெரியவரும்.

நேர்வாய்வில் முதல் வேலை, எவர் நாற்காலியில், எந்த நாளில் நாம் அமர்ந்திருக்கிறோம் என்பதை முடிவு செய்வது. இதனைச் செய்யாதவர் ஆய்வு காற்றில் பறக்கும். சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கதையில் இத்தகைய நாற்காலிகள் பல உள. கப்பல் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று எண்ணிய 1906ஆம் ஆண்டு நாற்காலி ஒன்று. செயலாளர்களுள் ஒருவரே அரசியல் மேடையிலும் முழங்கிவந்த 1908ஆம் ஆண்டுத் தொடக்கத்து நாற்காலி மற்றொன்று. நான் தேர்வது இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ளது. சங்கத்தின் சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்துவிட்டன. எதிரிக் கம்பெனி கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்துவிட்டது. இயக்குநர் கூட்டம் கூடியிருக்கிறது. நாம் என்ன கட்டணம் விதிப்பது? இவ்வளவுதான் வினா. இனி நிகழப்போவது எதுவும் நமக்குத் தெரியாது. புத்தகத்தின் மீதிப் பக்கங்களை ஊசி கொண்டு தைத்துவிடுவோம்.

இப்போது மேசையின்மேல் இருக்கும் விவரங்களைப் பார்ப்போம்.

தூத்துக்குடிக்கு 1870களிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. கரிசல் நிலத்துப் பருத்தி இத்துறைமுகத்தின் வழியே வெளிநாடு சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரும், கொழும்பில் கடை வைத்திருந்த நம் வணிகரும், அவர்களுக்கு வேண்டிய அரிசி முதலிய பொருள்களும் இவ்வழியே சென்றுவந்தனர். கொழும்பு ஓர் இரவுப் பயணந்தான். துறைமுகம் என்று பெயரே ஒழிய, அக்காலத்தில் கரையருகே ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் தோணிகளில் ஏறிச் செல்ல வேண்டும். இத்தோணிச் செலவையும் மாணவர் கணக்கில் சேர்க்க மறந்துவிடலாகாது.

இக்கடல்வழியைத் தன் உடைமை போல் நடத்திவந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. 1856இல் கல்கத்தாவில் வேறு பெயரோடு தொடங்கி, 1862இல் இப்பெயர் பெற்று, நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு வளர்ந்த பெருநிறுவனம் அது. அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தங்கள் அதன் கையில் இருந்தன. தூத்துக்குடியில் அதன் முகவர் ஏ. அண்டு எஃப். ஹார்வி கம்பெனியார். இந்த ஹார்வியாரே தூத்துக்குடியில் கோரல் மில்லையும், தாமிரவருணி மலையிறங்கும் பாபநாசத்தில் அருவி நீரின் விசையைக் கொண்டு ஓடிய நூற்பாலையையும் நடத்திவந்தவர்கள். நம் பள்ளத்தாக்கின் மேற்கோடியில் ஆலை, கிழக்கே கடற்கரையில் ஆலை, கடலில் கப்பல் முகவாண்மை என மூன்றும் ஒரே கையில் இருந்தன. இதனை இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கம் நம் சங்கம். 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், ஏனைய ஆசிய நாட்டினர் மட்டுமே பங்கு பெறலாம். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட்டு. அவர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். வ. உ. சி. துணைச் செயலாளர். ஓடி ஆடி வேலை செய்தவர் அவரே என்பது உலகறிந்தது. பாரதியார் தம் 'இந்தியா' இதழில் பங்கு சேர்க்கத் துணை நின்றார். சங்கத்தின் குறிக்கோள்களில் இலாபம் மட்டுமன்று, நம்மவர்க்குக் கப்பலோட்டும் கலை பயிற்றுவதும், கப்பல் கட்டும் துறை அமைப்பதும் இடம் பெற்றிருந்தன.

தொடக்கத்தில் சங்கம் பம்பாய் ஷா லைன் கம்பெனியாரிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்குதலால் அவ்வேற்பாடு முறிந்தது. உடனே இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினார்கள். இத்தகைய அவலம் இனி நேரக்கூடாது என்று கருதி வ. உ. சி. வடநாடு சென்று பொருள் திரட்டினார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம் என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

இங்கேதான் மாணவர் எழுதுகோலை எடுக்க வேண்டும். பெரும்பாலோர் எண்களை ஒப்பிக்கிறார்களேயன்றிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. எதிரி ஒரு ரூபாய்க்கு இறங்கினான். நம் சங்கம் எட்டணாவுக்கு இறங்கிற்று. எட்டணா என்பது அரை ரூபாய். சாதாரண வகுப்பில் ஓரிடமும் ஒழியாமல் 1,300 பேரும் நிறைந்தாலும், ஒரு முறை கொழும்பு போய்ச் சேரக் கிடைப்பது 650 ரூபாய். கப்பல் பாதி நிறைந்தால் 325. இதுவே வகுப்பின் கரும்பலகையில் முதலில் எழுதப்பட வேண்டிய எண்.

இதற்கு எதிரே செலவு. நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கட்டணம், தோணிக் கூலி, காப்பீடு, பழுது பார்த்தல் ஆகியவற்றோடு கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் உண்டு, அது தேய்மானம். விளக்கத்திற்காக ஒரு கப்பலின் விலை 3 இலட்சம் ரூபாய் என்றும், அது 20 ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். இவை சங்கத்தின் ஏட்டிலுள்ள எண்கள் அல்ல, கணக்குப் போடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அப்படியானால் ஆண்டுக்கு 15,000 ரூபாய், நாளொன்றுக்கு 41 ரூபாய், கப்பல் ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் கரைந்துகொண்டே இருக்கும். போவதற்கும் திரும்புவதற்குமாக நான்கு நாள் என்றால், ஒரு பிடி கரி போடுமுன்பே 164 ரூபாய் போயிற்று. கப்பல் என்பது குதிரை வண்டி போன்றதன்று. குதிரைக்குக் கொள்ளு வைத்தால் வண்டி ஓடும். வேண்டாத நாளில் அவிழ்த்துக் கட்டிவிடலாம். கப்பலோ நிற்கும் நாளிலும் தின்னும்.

இப்பொழுது எதிரியின் கணக்கைப் போடுங்கள். நேர்வாய்வில் பலர் மறக்கும் பகுதி இது. தம் பக்கக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு, எதிரி ஏன் இப்படிச் செய்கிறான் என்று வியக்கின்றனர். தூத்துக்குடி – கொழும்பு வழியில் எதிரிக்கும் அதே கரி, அதே கூலி. ஆகவே அதே இழப்பு. ஆனால், அவனுடைய ஏனைய கப்பல்கள் ரங்கூனுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்காவின் கீழைக் கரைக்கும் ஓடிப் பொருள் ஈட்டுகின்றன. நமக்கு வழி ஒன்று, கப்பல் இரண்டு. ஒரு வழியில் அவன் இழப்பதைப் பிற வழிகள் தாங்கும். நாம் இழப்பதைத் தாங்க 25 ரூபாய்ப் பங்குகளைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆக, இது கட்டணப் போட்டியே அன்று. எத்தனை நாள் மூச்சடக்க முடியும் என்ற போட்டி. அப்போட்டியில் நம் சங்கம் எதிரியின் ஒரு ரூபாய்க்கு எட்டணா என்று விடை சொல்லியபோது, தன் மூச்சின் அளவைத் தானே குறைத்துக்கொண்டது என்பது என் கருத்து. மாணவர் இதனை மறுக்கலாம்; மறுப்பதற்கும் கணக்கே வேண்டும்.

எட்டணாவுக்கு எதிரி என்ன செய்தான் என்பதைத் தைத்துவைத்த பக்கத்தைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். ஏறுவோர்க்குக் கட்டணமே இல்லை என்றான். அதன்மேல் ஆளுக்கொரு குடையும் இலவசம் என்றான். இக்குடைக் கதையைக் கேட்டு எல்லோரும் நகைப்பர், அல்லது சினங்கொள்வர். ஆராய்பவர் வேறொன்றைக் காண வேண்டும். கட்டணமில்லாத கப்பல் ஒருபுறமும் எட்டணாக் கப்பல் மறுபுறமும் நிற்கையில், ஏழைத் தொழிலாளி எதில் ஏறுவான்? இலவசக் கப்பலில் என்றே எந்தப் பொருளாதார நூலும் கூறும். அங்ஙனமாயின் குடை எதற்கு? இலவசம் மட்டும் போதவில்லை என்பதற்கு அக்குடையே சான்றன்றோ? எட்டணாக் கொடுத்தேனும் நம் கப்பலில்தான் செல்வேன் என்று ஒரு கூட்டம் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். சுதேசிப் பற்று என்பது வெறும் மேடைப் பேச்சன்று. அதற்கு விலை இருந்தது. அவ்விலை ஆளுக்கு எட்டணாவும் ஒரு குடையும்.

இருந்தும் அப்பற்று போதவில்லை. ஏன்? பயணியின் பற்றைச் சங்கம் பயணச்சீட்டாக மாற்றியது. அச்சீட்டுக்கோ விலை எட்டணா. இரு மடங்கு கொடுக்கவும் மனமுடையவர் அக்கூட்டத்தில் இருந்திருக்கக் கூடும். அவரிடமும் அதே எட்டணாவைத்தான் பெற்றது. இதுபற்றி வகுப்பில் நல்ல விவாதம் எழுப்பலாம்.

வேறு வழிகள் என்னென்ன இருந்தன? கட்டணத்தைக் குறைக்காமல் பற்றுடையவரை மட்டும் நம்பி ஓட்டலாம். கப்பல் காலியாகும், ஆனால் இழப்பு மெதுவாகும். ஒரு கப்பலை விற்று நடைமுறை முதலைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால், மக்கள் கண்ணீரோடு வரவேற்ற கப்பலை ஆறே மாதத்தில் விற்றால் அடுத்த பங்கை எவர் வாங்குவர்? எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது சரக்கு வழி. ஆளேற்றும் வாணிகத்தில் ஒவ்வொரு பயணியையும் ஒவ்வொரு நாளும் புதிதாக வெல்ல வேண்டும். சரக்கிலோ முப்பது நாற்பது வணிகரிடம், ஓராண்டுக்கு உங்கள் மூட்டைகளை இன்ன கட்டணத்தில் எங்களுக்கே தருக என்று முறியெழுதி வாங்கிவிட்டால், எதிரி குடை கொடுத்துக் கலைக்க முடியாது. தூத்துக்குடி வணிகர் பலர் சங்கத்தின்பால் பரிவுடையவர். எனினும் இவ்வழியிலும் ஒரு முள் உண்டு. அக்காலத்து ஐரோப்பியக் கப்பல் கம்பெனிகள், தம்மிடமே தொடர்ந்து சரக்கனுப்பும் வணிகர்க்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சில மாதம் கழித்துத் திருப்பித் தரும் வழக்கம் வைத்திருந்தன. இடையில் ஒரு மூட்டையை வேறு கப்பலில் அனுப்பினாலும் சேர்ந்த தொகை முழுதும் போய்விடும். வணிகரைக் கட்டிப்போடும் நூதனக் கயிறு இது. இதனை அறுக்க வேண்டுமானால், அவர்கள் இழக்கும் தொகையைச் சங்கம் ஈடுசெய்ய வேண்டும். மீண்டும் அதே பணம்.

இறுதி வழி, எதிரியோடு உடன்படிக்கை. இதைச் சொன்னால் நம் மாணவர் முகம் சுளிப்பர். இங்கே வேறு நேர்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். வ. உ. சி.க்கு முன்பே வங்காளத்தில், கவி தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாதர், 1884இல் குல்னா – பரிசால் ஆற்றுவழியில் நீராவிப் படகு ஓட்டி, ஆங்கிலேயரின் ஃபுளோட்டிலா கம்பெனியோடு கட்டணப் போர் புரிந்து பெரும்பொருள் இழந்தார். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1893இல் ஜப்பானியக் கப்பல் நிறுவனத்தோடு கைகோத்துப் பம்பாயிலிருந்து கீழ்த்திசைக்குக் கப்பல் விட்டார். பி அண்டு ஓ கம்பெனி சரக்குக் கட்டணத்தைப் படுகுழியில் தள்ளி அவரை வெளியேற்றிற்று. இந்த இரண்டும் 1907ஆம் ஆண்டுக் கூட்டத்தினர் அறிந்திருக்கக் கூடிய செய்திகள். ஆகவே, 'எதிரி இவ்வாறு செய்வான் என்று எவர் கண்டார்?' என்று அவர்கள் சார்பில் வாதிடுவது எளிதன்று.

அவர்களுக்குப் பின் வந்தது சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் முதலானோர் தொடங்கிய அதன் 'லாயல்ட்டி' கப்பல் 1919 ஏப்ரல் 5ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே இன்றும் தேசியக் கடல்வாணிக நாளாகக் கொண்டாடுகிறோம். அதுவும் கட்டணப் போரில் சிக்கியது. 1923இல் எதிரியோடு பத்தாண்டு உடன்படிக்கை செய்து, தன் வளர்ச்சிக்கு வரம்பை ஏற்று, உயிர் பிழைத்தது. அவ்வுடன்படிக்கை அவர்களுக்குக் கசந்தது. ஆனால், நாடு விடுதலை பெற்றபோது அக்கம்பெனி கடலில் இருந்தது.

சிந்தியா செய்ததை வ. உ. சி. ஏன் செய்யவில்லை என்று கேட்பதற்கு முன், சிந்தியாவிடம் பம்பாய் ஆலை முதலாளிகளின் பெருமுதல் இருந்தது என்பதை எண்ண வேண்டும். உடன்படிக்கை என்பது சமமானவரிடையே, அல்லது ஓரளவு அஞ்சத்தக்கவரிடையே நிகழ்வது. இரு கப்பலுடைய சங்கத்தோடு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஏன் உடன்பட வேண்டும்? மேலும், அந்நியரை எதிர்ப்பதற்கென்றே 25 ரூபாய் கொடுத்தவரிடம் போய், அந்நியரோடு சமாதானம் செய்துகொண்டோம் என்று எந்த இயக்குநர் சொல்ல முடியும்? எப்பற்று சங்கத்திற்கு முதல் தந்ததோ, அதே பற்று சங்கத்தின் கைகளையும் கட்டிற்று. இந்நேர்வின் முடிச்சு இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

இனி அரசியல். வணிகப் பாடநூல்கள் அரசாங்கத்தை மழை, வெயில் போல நடத்துகின்றன. 'புறச்சூழல்' என்று தலைப்பிட்டு நான்கு வரியில் முடித்துவிடுகின்றன. இங்கே அரசாங்கம் சூழல் அன்று; ஆட்டக்காரருள் ஒருவர். ஹார்வி கம்பெனியாரின் கையில் மூன்று தொழில்கள் இருந்தன என்று குறித்துவைத்தோமன்றோ? 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் தலைமை தாங்கினர். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர் வென்றனர். அதாவது, கப்பல் சங்கத்தின் துணைச் செயலாளர் தம் போட்டிக் கம்பெனியின் முகவரையே வேறொரு களத்தில் வென்றுவிட்டார். மார்ச் 12ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். மறுநாள் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்; திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றம் பின்னர் அதனைக் குறைத்தது. வ. உ. சி. 1912 இறுதியில் வெளிவந்தார். அதற்குள், 1911இலேயே, சங்கம் கலைக்கப்பட்டுவிட்டது. காலியா கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது என்பர்.

அவர் அரசியலை விட்டு வணிகத்தை மட்டும் பார்த்திருந்தால் சங்கம் பிழைத்திருக்குமா? இவ்வினாவை எழுப்பும் மாணவர் உண்டு. நான் அவர்களைக் கேட்பது இதுதான்: அரசியல் இல்லையெனில் அந்த 40,000 பங்குகளில் எத்தனை விற்றிருக்கும்? எட்டணாக் கொடுத்து எவர் ஏறியிருப்பர்? காயை வேண்டாமென்று வெட்டினால் கொடியும் போகும்.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல். மாணவர் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்து நேர்வாய்வு நிகழ்த்துவது கூடாது. திரைப்படம் ம. பொ. சிவஞானம் எழுதிய நூலைத் தழுவியது. நூல் வாழ்க்கை வரலாறு. இரண்டும் ஒருவரை நினைவில் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை, அதற்கு அவை போதும். கம்பெனியின் வரலாறு வேண்டுவோர்க்கு, ஆ. இரா. வேங்கடாசலபதி ஆவணக் காப்பகங்களில் நெடுங்காலம் தேடி 2023இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இருக்கிறது. 1908ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சி பற்றிய அவருடைய தமிழ் நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஓர் எண்ணைச் சொல்லும்போது அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்டுக்கொள்வது வணிக மாணவர்க்கும் வரலாற்று மாணவர்க்கும் பொது. பங்கு சேர்க்க வெளியிட்ட விளம்பரத்தில் காணும் 10 இலட்சம் என்பது திரட்ட எண்ணிய தொகை. அவ்வளவும் கைக்கு வந்துவிட்டதாகக் கொண்டு கணக்குப் போடும் மாணவர் முதல் வரியிலேயே வழுக்கி விழுவார்.

இன்னொரு வழுக்குப் பாறை, பிந்திய அறிவு. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடற்பயணம், மீண்டும் இரயில் என்று இலங்கைப் போக்குவரத்து திசைமாறிப் போயிற்று. அதுவரை தூத்துக்குடி வந்த போட் மெயில் தனுஷ்கோடி போகலாயிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் அத்தனுஷ்கோடியும் அழிந்தது. தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் 2011 ஜூனில் மீண்டும் விடப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்பே நின்றுபோயிற்று. அது தனி ஆய்வுக்குரிய நேர்வு. இவற்றையெல்லாம் அறிந்த மாணவர் ஒருவர், 'எப்படியும் 1914இல் பயணிகள் போயிருப்பார்கள். சங்கம் வீழ்ந்ததற்கு வருந்துவானேன்?' என்று கேட்கலாம். கூர்மையான கேள்விதான். ஆனால், 1907இல் நாற்காலியில் இருந்தவர் கையில் பாலம் இல்லை. பாலம் பற்றிய பேச்சு அவர் காதில் விழுந்திருக்கலாம். அவ்வளவில் அதனைக் கணக்கில் சேர்க்கலாம். மேலும், போட்டி வென்று ஏழாண்டு ஓடிய சங்கத்திடம் தேர்ந்த மாலுமிகளும் கைப்பொருளும் இருந்திருக்கும். பயணிகள் போனால் சரக்கு, கொழும்பு போனால் ரங்கூன் என்று அது திரும்பியிருக்கலாம். முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கி வாதிடுவோர்க்கு எல்லாம் விதியாகத் தெரியும்.

வகுப்பில் நிற்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பத்து நிமிடம் தந்தால், வரலாற்றை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கேட்போர் அதனைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கின்றனர். உங்கள் முடிவை முதலில் சொல்லுங்கள்: கட்டணம் இன்னது, காரணம் இது. பிறகு 650 ரூபாய்க் கணக்கைப் பலகையில் போடுங்கள். எஞ்சிய நேரத்தை நீங்கள் தள்ளிவிட்ட வழிகளுக்குக் கொடுங்கள். எதனை ஏன் தள்ளினீர்கள் என்பதில்தான் உங்கள் அறிவு வெளிப்படும். நான்கு கட்டம் கீறுவதை, கை அரித்தால், வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஆசிரியர் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. நான் ஆசிரியராக இருந்தால் அதனையே கேட்பேன். ஸ்ரீவைகுண்டத்திலோ ஆழ்வார்திருநகரியிலோ ஆற்றுப் பாய்ச்சலில் சிறு வயல் வைத்திருக்கும் ஒருவர், நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் கூட்டம் முடிந்துவிட்டது. கட்டணத்தை நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அவருக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அவருடைய 25 ரூபாயை என்ன செய்யப்போகிறீர்கள், அது எத்தனை நாள் தாங்கும், திரும்ப வராமலும் போகலாம் என்பதை அவருக்கு எவ்வாறு சொல்வீர்கள்? ஒரு பக்கத்திற்குள் எழுதி, அடுத்த வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.